பத்துத் தடைகள், பிறகொரு உத்தியோகம்

பெரம்பலூருக்கு ரயில் கிடையாது. 1995-ல் திருச்சியிலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. 2001-ல் அரியலூர் அதிலிருந்து பிரிந்தது, அடுத்த ஆண்டே திரும்பச் சேர்ந்தது, 2007-ல் மறுபடி பிரிந்தது. இத்தனை நடந்தும் பெரம்பலூருக்குத் தண்டவாளம் மட்டும் வந்தபாடில்லை. ரயிலேற அரியலூருக்கோ திருச்சிக்கோ பஸ் பிடிக்க வேண்டும். ஆனால் இந்தப் பக்கத்துப் பள்ளி மைதானத்தில் நன்றாக ஓடுகிற பிள்ளையைப் பார்த்ததும் பி.டி. சார் வாயில் வருகிற பேச்சு பெரும்பாலும் ரயில்வேதான். "விடாம ஓடுனா ரயில்வேயில வேலை கெடைக்கும்டா."

வெறும் ஆசை வார்த்தை இல்லை இது. 400 மீட்டர் தடை ஓட்டத்தில் இந்தியா பெயர் சொல்லிக்கொள்ளும் பெண்கள் மூன்று பேர். 1982 டெல்லி ஆசியப் போட்டியில் 58.47 விநாடியில் தங்கம் வென்ற எம்.டி. வல்சம்மா, 1984-ல் லாஸ் ஏஞ்சலிஸில் ஒலிம்பிக் பதக்கத்தை மயிரிழையில் தவறவிட்ட பி.டி. உஷா, 2023-ல் உஷாவின் அதே நேரத்தைத் தொட்ட கோவை வித்யா ராம்ராஜ். மூவருக்கும் சம்பளம் போட்டது ரயில்வே.

ஓடி முடித்த பிறகு பிழைப்புக்கு என்ன வழி என்று கேட்டால் அமெரிக்க ஓட்டக்காரர் ஒரு பதில் சொல்வார், நம் ஊர்க்காரர் வேறு பதில் சொல்வார். அங்கே கம்பெனி, இங்கே உத்தியோகம். இரண்டு பேருக்கும் காலில் வலு ஒன்றுதான். பணம் எந்த வாசல் வழியாக வந்தது என்பதில்தான் வித்தியாசம். உஷாவின் கதையை எடுத்துக்கொண்டால் இது நன்றாகவே விளங்கும்.

அதற்கு முன் ஓட்டத்தைப் பார்த்துவிடுவோம். 400 மீட்டரில் பத்துத் தடைகள். புறப்பட்ட இடத்திலிருந்து 45 மீட்டரில் முதல் தடை, பிறகு 35 மீட்டருக்கு ஒன்று, கடைசித் தடையைத் தாண்டினால் எல்லைக்கோட்டுக்கு இன்னும் 40 மீட்டர். பெண்களுக்குத் தடையின் உயரம் 76.2 செ.மீ., ஆண்களுக்கு 91.4 செ.மீ. தடை கால்பட்டுக் கவிழ்ந்தால் அதற்காகத் தகுதியிழப்பு இல்லை. ஆனால் இடித்த இடத்தில் வேகம் போய்விடும். உண்மையான சூட்சுமம் தாண்டுவதில் இல்லை, இரண்டு தடைகளுக்கு நடுவே எத்தனை எட்டு வைக்கிறோம் என்பதில் இருக்கிறது. கணக்கு ஓர் எட்டு பிசகினால் தாண்டும் கால் மாறும். மாறிய காலில் தாண்டப் பழகாதவர் தடைக்கு முன் தயங்கிவிடுவார். முன்னூறு மீட்டர் தாண்டிய பிறகு தொடை கல்லாகக் கனக்கும்போதும் அந்தக் கணக்கு தப்பக் கூடாது. அதனால்தான் வெறும் வேகக்காரர்கள் இதில் தேறுவதில்லை.

உஷா அடிப்படையில் வேகக்காரர்தான். கோழிக்கோடு பக்கத்துப் பய்யோளிப் பெண். கண்ணூர் விளையாட்டுப் பிரிவில் ஓ.எம். நம்பியார் கையில் உருவானவர். பதினாறு வயதில் மாஸ்கோ ஒலிம்பிக்கில் 100 மீட்டர் ஓடினார். 1982 டெல்லியில் 100, 200 இரண்டிலும் வெள்ளி. பெண்களுக்கான 400 மீட்டர் தடை ஓட்டம் லாஸ் ஏஞ்சலிஸில்தான் முதன்முறையாக ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்டது. உலகத்தில் எல்லாருமே அதில் ஓரளவு புதியவர்கள் என்பதால் அங்கே வாய்ப்பு உண்டு என்று நம்பியார் போட்ட கணக்கு சரியாகவே இருந்தது. அரையிறுதியில் உஷா ஓடியது 55.94. ஒலிம்பிக் தடகள இறுதிக்குப் போன முதல் இந்தியப் பெண் அவர்.

இறுதிப் போட்டி 1984 ஆகஸ்ட் 8. முதல் முறை துப்பாக்கி வெடித்தபோது உஷா அருமையாகக் கிளம்பியிருந்தார். ஆனால் ஆஸ்திரேலியாவின் டெபி ஃபிளின்டாஃப் முந்திப் பாய்ந்ததால் எல்லாரையும் திரும்ப அழைத்தார்கள். இரண்டாம் முறை அந்தப் பழைய கிளம்பல் வரவில்லை. மொராக்கோவின் நவால் எல் முத்தவக்கில் 54.61-ல் தங்கம், அமெரிக்காவின் ஜூடி பிரவுன் 55.20-ல் வெள்ளி. மூன்றாம் இடத்துக்கு ருமேனியாவின் கிறிஸ்டியானா கொஜோகாருவும் உஷாவும் ஒன்றாகக் கோட்டைத் தொட்டார்கள். புகைப்படத்தைப் பார்த்துத்தான் முடிவு சொல்ல முடிந்தது: 55.41, 55.42.

நூற்றில் ஒரு பங்கு விநாடி. அந்த ஓட்டத்தின் சராசரி வேகத்தில் கணக்குப் போட்டால் சுமார் 7 செ.மீ., ஒரு தீப்பெட்டி நீளத்தைவிடக் கொஞ்சம் அதிகம். தடகளத்தில் காலோ கையோ கோட்டைத் தொடுவது கணக்கில்லை, மார்பு தொட வேண்டும். கடைசி எட்டில் மார்பை முன்னே தள்ளிச் சாய்வது அதற்காகத்தான். கொஜோகாரு சாய்ந்தார். உஷா உரிய நேரத்தில் சாயவில்லை. இதையெல்லாம் யார் சொல்லிக் கொடுத்திருப்பார்கள்? அந்த ஒலிம்பிக் கிராமத்தில் தோதான சாப்பாடு இல்லாமல் கஞ்சியும் ஊறுகாயும் சாப்பிட்டு ஓடியதாகப் பல ஆண்டுகள் கழித்து உஷாவே பேட்டியில் சொன்னார். கடைசி 35 மீட்டரில் தெம்பு குறைந்ததற்கு அதுதான் காரணம் என்பது அவர் கட்சி. சாப்பாடா, சாய்வா, திரும்பக் கிளம்பிய பதற்றமா என்று இன்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. எனக்கென்னவோ மூன்றுமே ஒரே குறையின் மூன்று முகங்களாகப் படுகின்றன: வெளிநாட்டு மண்ணில் அடிக்கடி ஓடிப் பழகிய அனுபவம் அந்தத் தலைமுறைக்குக் கிடைக்கவில்லை.

தங்கம் வென்ற நவாலின் கதையையும் ஒரு வரி சொல்ல வேண்டும். அன்று பிறந்த பெண் குழந்தைகளுக்கெல்லாம் நவால் என்று பெயர் வைக்கும்படி மொராக்கோ மன்னர் இரண்டாம் ஹசன் அறிவித்தார். பின்னாளில் நவால் விளையாட்டுத் துறை அமைச்சரானார், சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியின் துணைத் தலைவரானார். நான்காம் இடம் வந்தவருக்கு அப்படி எதுவும் தேடி வரவில்லை.

அதே லாஸ் ஏஞ்சலிஸில் ஆண்கள் தடை ஓட்டத்தில் தங்கம் வென்றவர் எட்வின் மோசஸ். தடை ஓட்டக்காரர் ஒருவர் தொழில் உலகத்துக்குள் எப்படிப் போகிறார் என்பதற்கு அவரைவிட நல்ல உதாரணம் இல்லை. அட்லாண்டாவின் மோர்ஹவுஸ் கல்லூரியில் இயற்பியல் படித்தவர். கல்லூரிக்குச் சொந்த ஓடுதளம் கிடையாது, அக்கம்பக்கத்துப் பள்ளி மைதானங்களில் ஓடித்தான் பழகினார். (மைதானம் இல்லை என்று புலம்பும் பெரம்பலூர்ப் பிள்ளைகள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.) மற்றவர்கள் பாதி ஓட்டத்துக்கு மேல் பதினான்கு, பதினைந்து எட்டுக்கு மாறிக்கொண்டிருந்தபோது இவர் ஆரம்பம் முதல் கடைசி வரை தடைக்குத் தடை பதின்மூன்றே எட்டு வைத்தார். 1976 மான்ட்ரியலில் இருபது வயதில் உலக சாதனையோடு தங்கம். 1977 ஆகஸ்டில் பெர்லினில் ஒரு தோல்வி. அதற்குப் பிறகு 1987 ஜூனில் மாட்ரிட்டில் டேனி ஹாரிஸிடம் தோற்கும்வரை, தொடர்ச்சியாக 122 ஓட்டங்களில் அவரை யாராலும் முந்த முடியவில்லை.

இந்த வெற்றிகளைவிட நம் கதைக்கு முக்கியமானது அவர் மைதானத்துக்கு வெளியே செய்த வேலை. அந்தக் காலத்தில் ஒலிம்பிக்கில் ஓடுபவர் ஓட்டத்தால் ஒரு பைசா சம்பாதிக்கக் கூடாது. 1912-ல் இரண்டு தங்கம் வென்ற ஜிம் தோர்ப், அதற்கு முன் பேஸ்பால் ஆடிச் சில டாலர் வாங்கியதற்காகப் பதக்கங்களைப் பறிகொடுத்தார். அவர் செத்து முப்பது ஆண்டு கழித்துத்தான் அவற்றைத் திருப்பிக் கொடுத்தார்கள். 'அமெச்சூர்' விதி அவ்வளவு கறார். நடைமுறையில் ஷூ கம்பெனிகள் மேசைக்கு அடியில் பணம் தள்ளிக்கொண்டிருந்தன, எல்லாருக்கும் தெரியும், யாரும் பேசுவதில்லை. மோசஸ் பேசினார். ஜெனரல் டைனமிக்ஸ் நிறுவனத்தில் இன்ஜினியர் வேலையை 1979-ல் தள்ளிவைத்துவிட்டு முழு நேரமும் ஓட வந்தவர் அவர். வருமானம் இல்லாமல் ஓடுவது என்றால் என்ன என்று அனுபவத்தில் தெரியும். ஓட்டக்காரர் பெயரில் ஓர் அறக்கட்டளைக் கணக்கு, விளம்பரப் பணமும் உதவித்தொகையும் அதில் சேரும், பயிற்சிச் செலவுக்கு எடுத்துக்கொள்ளலாம், ஒலிம்பிக் தகுதிக்கும் பங்கம் வராது என்று ஒரு திட்டத்தை முன்வைத்தார். 1981-ல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி அதை ஏற்றது. ஓட்டக்காரர் சட்டப்படி சம்பாதிக்கலாம் என்ற நிலைமை அங்கிருந்துதான் தொடங்குகிறது.

ஓட்டத்தை விட்ட பிறகு மோசஸ் 1994-ல் பெப்பர்டைன் பல்கலைக்கழகத்தில் எம்.பி.ஏ. முடித்து நிதி ஆலோசனைத் துறைக்குப் போனார். 2000 முதல் லாரியஸ் விளையாட்டு அகாடமியின் தலைவராக இருந்தார். இயற்பியல், இன்ஜினியரிங், ஓட்டம், எம்.பி.ஏ. என்று ஒவ்வொன்றும் அடுத்ததற்கு ஏணி.

இந்தியாவுக்கு இந்த விதிமாற்றத்தால் உடனே என்ன லாபம்? அனேகமாக ஒன்றுமில்லை. விதி அனுமதித்தாலும் பணம் கொடுக்க ஆள் வேண்டுமே. 1983-ல் கபில் தேவ் உலகக் கோப்பையைத் தூக்கிய பிறகு விளம்பரக்காரர்களின் கண் கிரிக்கெட் மேல் போனது போனதுதான். தடகளத்துக்குச் சோறு போட்டவை ரயில்வே, போலீஸ், ராணுவம், வங்கிகள். இதைக் குறையாக மட்டும் பார்ப்பது சரியில்லை. மாதம் பிறந்தால் சம்பளம், பயிற்சிக்கு விடுப்பு, பயணத்துக்கு பாஸ், ஓடி முடித்த பிறகும் ஓய்வூதியம் வரை போகிற வேலை. மேலைநாட்டில் ஸ்பான்சர் செய்த வேலையை இங்கே சர்க்கார் செய்தது. ஆனால் ஒன்று, ஸ்பான்சர் பணம் ஓட்டக்காரரைப் பேரம் பேசவும் முதலீடு செய்யவும் பழக்கும். மாதச் சம்பளம் பதவி உயர்வுக்குக் காத்திருக்கப் பழக்கும்.

உஷாவின் உச்சம் லாஸ் ஏஞ்சலிஸுக்குப் பிறகுதான் வந்தது. 1985 ஜகார்த்தா ஆசிய சாம்பியன்ஷிப்பில் 100, 200, 400, 400 தடை, தொடர் ஓட்டம் என ஐந்து தங்கம். 1986 சியோல் ஆசியப் போட்டியில் இந்தியா வென்ற மொத்தத் தங்கமே ஐந்துதான். அதில் நான்கில் உஷா இருந்தார். மிச்சம் ஒன்று மல்யுத்தத்தில் கர்த்தார் சிங் கொண்டுவந்தது. 1988 சியோல் ஒலிம்பிக்கில் குதிகால் காயத்தோடு ஓடி முதல் சுற்றிலேயே வெளியேறினார். அதுவரை தூக்கி வைத்துக் கொண்டாடியவர்களே அன்று பேசிய பேச்சு கொஞ்சநஞ்சமல்ல. 1990 பெய்ஜிங்கில் மூன்று வெள்ளி, பிறகு ஓய்வு, திருமணம், குழந்தை. அதோடு முடிந்தது என்று நினைத்தபோது திரும்பி வந்து 1998 ஃபுகுவோகா ஆசிய சாம்பியன்ஷிப்பில் 200, 400 இரண்டிலும் வெண்கலம் வாங்கினார். அப்போது அவருக்கு முப்பத்து நான்கு வயது.

2000-ல் நிரந்தரமாக ஓய்வு பெற்றபோது உஷா முன்னால் சுலபமான வழி ஒன்று இருந்தது: ரயில்வே அதிகாரியாகக் காலத்தைக் கழிப்பது. அவர் அந்த வேலையை விடவில்லை. அதோடு சொந்தமாக ஒன்றைத் தொடங்கினார். 2002-ல் கொயிலாண்டியில் உஷா தடகளப் பள்ளி. பத்துப் பன்னிரண்டு வயதுச் சிறுமிகளைச் சோதனை ஓட்டம் வைத்துத் தேர்ந்தெடுத்து, தங்கவைத்து, படிக்கவைத்து, ஓடவைக்கிற இடம். பிறகு கினாலூரில் கேரள அரசு தந்த நிலத்துக்கு மாறியது. செயற்கை ஓடுதளம் அங்கே வந்து சேர்ந்தது 2017-ல். பள்ளி தொடங்கிப் பதினைந்து ஆண்டு.

இது லாபத்துக்கான தொழில் இல்லைதான். ஆனாலும் தொழில் நடத்துகிறவர் படும் பாடு அத்தனையும் இதில் உண்டு. நிலத்துக்கு அரசு அலுவலகம் ஏறி இறங்க வேண்டும், நன்கொடையாளர்களிடம் கணக்குக் காட்ட வேண்டும், சமையல்காரர் முதல் பிசியோ வரை சம்பளம் போட வேண்டும், வருமானமே தராத பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குப் பத்தாண்டு செலவு செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். எந்த வங்கியும் கடன் தராத திட்டம்! அங்கே ஆரம்பத்திலேயே சேர்ந்த டின்டு லூகா 2010-ல் 800 மீட்டரை 1:59.17-ல் ஓடி, ஷைனி வில்சன் பதினைந்து ஆண்டு வைத்திருந்த தேசிய சாதனையை முறியடித்தார். 2012 லண்டனில் அரையிறுதி வரை போனார், 2014 ஆசியப் போட்டியில் வெள்ளி வாங்கினார். முதல் சுற்றைப் பாய்ந்து ஓடிவிட்டுக் கடைசி நூறு மீட்டரில் திணறுவது அவருடைய பழக்கம். அதை உஷா மாற்றவில்லை என்ற விமர்சனமும் கூடவே வந்தது. ஜிஸ்னா மேத்யூ 2016 ரியோ தொடர் ஓட்ட அணிக்குப் போனார். பள்ளியின் நோக்கமான ஒலிம்பிக் பதக்கம் இன்னும் வரவில்லை. ஆனால் சொந்தப் பெயரில் ஒரு நிறுவனத்தை எழுப்பி இரண்டு தலைமுறைப் பெண்களை ஓடவைத்த இந்தியத் தடை ஓட்டக்காரர் வேறு யாரையும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

2022 ஜூலையில் மாநிலங்களவை நியமன உறுப்பினர், டிசம்பரில் இந்திய ஒலிம்பிக் சங்கத்தின் முதல் பெண் தலைவர். நிர்வாக நாற்காலி அவருக்கு மைதானத்தைப் போல வசப்படவில்லை. 2023-ல் மல்யுத்த வீராங்கனைகள் தெருவில் உட்கார்ந்து நியாயம் கேட்டபோது, இதனால் நாட்டின் பெயர் கெடுகிறது என்ற பொருளில் உஷா பேசியது பலரைப் புண்படுத்தியது. சில நாளில் ஜந்தர் மந்தருக்கு நேரில் போய் அவர்களைப் பார்த்தார். முதலிலேயே போயிருக்கலாம். ஒலிம்பிக் சங்கத்தின் செயற்குழுவோடும் அவருக்கு நீண்ட காலம் ஒத்துவரவில்லை.

மற்ற இந்தியத் தடை ஓட்டக்காரர்கள் எங்கே போனார்கள் என்று பார்த்தால் பட்டியல் சுவையானது. கல்கத்தாவில் பிறந்த நார்மன் பிரிட்சர்ட் 1900 பாரிஸில் 200 மீட்டரிலும் 200 மீட்டர் தடை ஓட்டத்திலும் வெள்ளி வென்றார். பிறகு நார்மன் ட்ரெவர் என்று பெயரை மாற்றிக்கொண்டு ஹாலிவுட் நடிகரானார். 1924 பாரிஸில் ஓடிய கண்ணூர்க்காரர் சி.கே. லட்சுமணன் டாக்டராகி இந்திய சுகாதாரப் பணிகளின் தலைமை இயக்குநர் பதவி வரை போனார். 1964 டோக்கியோவில் 110 மீட்டர் தடை ஓட்டத்தில் ஐந்தாம் இடம் வந்த குர்பச்சன் சிங் ரந்தாவா மத்திய ரிசர்வ் போலீஸ்காரர். நடிகர், டாக்டர், போலீஸ். வியாபாரி மட்டும் இல்லை.

தமிழ்நாட்டுக்கு வருவோம். திருப்பூர் மாவட்டத்துத் தருண் அய்யாசாமி 2018 ஜகார்த்தா ஆசியப் போட்டியில் 48.96 விநாடியில் வெள்ளி வென்றார். 49 விநாடிக்குள் ஓடிய முதல் இந்தியர். கோவை ஆட்டோ ஓட்டுநர் ராம்ராஜின் இரட்டைப் பெண்கள் வித்யாவும் நித்யாவும் ஈரோடு விளையாட்டு விடுதியில் வளர்ந்தவர்கள். இருவரும் தடை ஓட்டக்காரர்கள், இருவரும் 2023 ஹாங்சோவுக்குப் போனார்கள். அக்டோபர் 2 அன்று தகுதிச் சுற்றில் வித்யா ஓடி முடித்ததும் பலகையில் விழுந்த எண் 55.42. முப்பத்தொன்பது ஆண்டு கழித்து, புள்ளி பிசகாமல் உஷாவின் அதே நேரம். மறுநாள் 55.68-ல் வெண்கலம், தொடர் ஓட்டங்களில் இரண்டு வெள்ளி.

அரியலூருக்கு இன்னும் ஒரு வித்யா வரவில்லை. ஆனால் ஊர் வெறுமையாக இல்லை. 2023-ல் சென்னையில் நடந்த ஆசிய சாம்பியன்ஸ் கோப்பையை வென்ற இந்திய ஹாக்கி அணியில் அரியலூர்ப் பையன் கார்த்தி செல்வம் இருந்தார். அவர் உருவான இடம் கோவில்பட்டி விளையாட்டு விடுதி. இங்கேதான் பெற்றோருக்குச் சிக்கல் வருகிறது. மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் போடுகிற வீட்டில், பதின்மூன்று வயதுப் பெண்ணை ஈரோட்டுக்கு அனுப்பு என்று பி.டி. சார் சொன்னால் அப்பா கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "சரிங்க சார், ஓடி முடிச்ச பொறவு?" அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது, ரயில்வே இருக்கிறது என்று சார் பதில் சொல்வார். அது நியாயமான பதில்தான். விளையாட்டு நிர்வாகம் படிக்கலாம், பயிற்சியாளராகலாம், பிசியோவாகலாம், சொந்த அகாடமி வைக்கலாம் என்ற பதிலும் அதோடு சேர வேண்டும். மோசஸ் எம்.பி.ஏ. படிக்கப் போனபோது அவருக்கு வயது முப்பத்தைந்துக்கு மேல். ஓட்டம் முடிந்த பிறகும் படிக்க நேரம் இருக்கிறது.

கம்பெனிகளும் தூரத்தில் இல்லை. அரியலூர் சுண்ணாம்புக்கல்லை நம்பி அரசு சிமெண்ட் ஆலையோடு டால்மியா, ராம்கோ, அல்ட்ராடெக் எல்லாம் அங்கே இருக்கின்றன. பெரம்பலூர்ப் பக்கம் நாரணமங்கலத்தில் எம்.ஆர்.எஃப். டயர் ஆலை. 2013 கம்பெனிச் சட்டத்தின் 135-வது பிரிவின்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட கம்பெனிகள் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். அந்தப் பணிகளின் பட்டியலில் கிராமிய விளையாட்டுகளுக்கும் ஒலிம்பிக் விளையாட்டுகளுக்கும் பயிற்சி தருவது வெளிப்படையாகவே இருக்கிறது. பெல்லாரி பக்கம் விஜயநகரில் எஃகுக் கம்பெனியான ஜே.எஸ்.டபிள்யூ. 2018-ல் ஒரு பெரிய பயிற்சி மையத்தையே திறந்தது. அந்த அளவுக்கு இங்கே யாரும் கேட்கவில்லை. எட்டுப் பாதைக்கு எண்பது தடைகள் வேண்டும். உயரத்தை ஏற்றி இறக்கும் வகையில் வாங்கினால் ஒரே தொகுதியில் ஆண், பெண், சிறுவர், சிறுமி எல்லாரும் ஓடலாம். செங்கல் மேல் சவுக்குக் கம்பு வைத்துத் தாண்டிப் பழகும் பிள்ளைகளுக்காக, கலெக்டர் ஆபீஸில் அடுத்த முறை கம்பெனிக்காரர்களைக் கூப்பிட்டுப் பேசும்போது இந்தக் கணக்கை எடுத்து வைத்தால் போதும்.